முழு ஆர்டரும் வேண்டாம் என்றவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரியில் மார்ச் மாதம் இரண்டு முறை வருகிறது, ஏப்ரல் கிடையாது. பைண்டிங்கில் வீணாய்ப் போனதை நான் எடுத்துக்கொண்டேன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவள் டைரியைக் கடையில் வாங்கினால் ஊரே சிரிக்கும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. "எல்லாத்தையும் என்கிட்ட வாங்காதீங்க" என்று ஒரு வியாபாரி தன் வாயாலேயே ஏன் சொல்ல வேண்டும்?

நேற்று ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் பூஜை போட்டு வெளியே வந்துவிட்டது. இனி டிசம்பர் வரை மிஷினுக்கும் ஓய்வில்லை, சிஸ்டம் பார்க்கிற எனக்கும் ஓய்வில்லை. பழைய சர்வரோ தள்ளாடுகிறது. முருகன், மயில், நீர்வீழ்ச்சி, கொழுகொழு குழந்தை என்று இத்தனை வருட டிசைனும் அதன் வயிற்றில்தான் இருக்கிறது. அது ஒருநாள் படுத்தால் சீசனே படுத்துவிடும் என்று ஒரு வருடமாய்க் கத்துகிறேன். இன்றுதான் முதலாளி ரத்தினசாமி காது கொடுத்தார். புதிதாய் வாங்கலாம் என்றார்.

வாங்குவதென்றால் எங்களுக்குத் தவமணி அண்ணாச்சிதான். இந்த அச்சகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சர்வர், ஸ்விட்ச், யுபிஎஸ், ஒயர் வரைக்கும் எல்லாம் அவர் கடைச் சரக்கு. ஆடிட்டர் மூன்று கொட்டேஷன் கேட்டால் மற்ற இரண்டையும் அண்ணாச்சியே எங்கிருந்தோ வாங்கிவந்து தந்துவிடுவார். அவ்வளவு நெருக்கம்.

"வழக்கம்போல எல்லாத்தையும் நீயே போட்டுரு தவமணி" என்றார் முதலாளி.

"வேணாம் முதலாளி. சர்வர் மட்டும் நான் தாரேன். படமெல்லாம் சேத்து வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டிய மதுரையில வாங்குங்க. எல்லாத்தையும் இணைக்கிற ஸ்விட்சுக்குக் கோயம்புத்தூர்ல நல்ல ஆளு இருக்கு. பிரதி எடுத்து வைக்கிற பேக்கப் பெட்டிக்கு மெட்ராஸ்ல வேற ஒருத்தர். எல்லாம் ஒரே கையில இருக்கக் கூடாது."

"நாலு பேருகிட்ட வாங்கினா நாலு பேரையில்லப்பா திட்டணும்? ஒரு ஆளுன்னா ஒரு போன்ல முடிஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார், ஆனால் பிடியை விடவில்லை. கிளம்பும்போது என்னிடம் தனியாக, "விஜயதசமிக்கு முன்னாடி பழசுல உள்ளதெல்லாம் புதுசுக்குப் போயிரணும் பொற்கொடி" என்றார். என்ன அவசரம் என்று கேட்டேன். அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அவசரமும் புதிது, வேண்டாம் என்பதும் புதிது. எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆகஸ்ட் 6, புதன்

பையனுக்கு ஹாஸ்டலுக்கு முறுக்கு அனுப்பினேன். கேஸ் சிலிண்டர் வரவில்லை.

அண்ணாச்சி வந்தார். நேரே கீழே மை ஸ்டோருக்குப் பக்கத்து அறைக்குள் போய் நின்றிருக்கிறார். அங்கிருந்து சர்வரை மாடிக்கு மாற்றிப் பொங்கலோடு ஒரு வருடம் ஆகப்போகிறது, மாற்றியதே அவர்தான். நான் போய் அழைத்துவந்தேன். "மை வாசனைக்காகப் போனேன்மா" என்றார். அச்சகத்துக்காரர்களுக்கு அந்த வாசனை பிடித்துப்போவது உண்டு.

ஏன் பிரித்து வாங்க வேண்டும் என்று மடக்கினேன். அருமையாக விளக்கினார். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்த நான்கு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் போட்டால், ஒன்று கெட்டுப்போகிற நேரத்தில் மற்ற மூன்றும் கெடத் தயாராக இருக்கும். ஒரே கம்பெனியின் சரக்கென்றால் அதன் மென்பொருளில் இருக்கிற ஓட்டை எல்லாப் பெட்டியிலும் இருக்கும். நாளைக்கு அந்தக் கம்பெனி விலையை ஏற்றினாலும், கடையையே மூடினாலும், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"இது இத்தனை வருசமா உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும். அப்ப நான் நல்லா யாவாரம் பண்ணினேன்" என்று சிரித்தார்.

அப்படியென்றால் இப்போது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் அதே அரிப்பு, ஆனால் வேறு பக்கத்தில்.

"அவன மத்த மூணு பேரும் கமிஷன் குடுத்துக் கவனிக்கிறாக போல. இல்லாட்டி எவனாவது தேடி வார ஆர்டரத் தள்ளிவிடுவானா? அப்படி ஏதும் இருந்தா, இத்தனை வருசம் பழகினவன்னு பாக்க மாட்டேன். வாசப்படி மிதிக்க விடமாட்டேன். நீ விசாரி."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணாச்சிக்கு இந்த வாசற்படி என்பது வெறும் வாசற்படி இல்லை. வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜைக்கு, சர்வரை அணைத்துப் பொட்டு வைப்போம். மறுநாள் விஜயதசமி நல்ல நேரத்தில் அண்ணாச்சிதான் வந்து திறப்பார். பழைய சர்வர் எழும்பும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. கல்யாண வீட்டில் குத்துவிளக்கேற்றக் கூப்பிடுகிற மாதிரி அது அவருக்குச் செய்கிற மரியாதை. அவர் பாஸ்வேர்டைத் தட்டியதும் முதலாளி வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டு கொடுப்பார். அண்ணாச்சி அந்த வேட்டியைத்தான் தீபாவளிக்குக் கட்டுவார்.

வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எனக்கே இன்று எழுதிப் பார்க்கும்போது அப்படித்தான் படுகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதுரைக் கம்பெனி ஷாஹிதாவிடம் சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டேன். தவமணி அண்ணாச்சி உங்களிடம் ஏதாவது எதிர்பார்க்கிறாரா?

"எதிர்பாக்குறாருக்கா. வேற யாரும் கேட்காததக் கேட்டாரு. பெட்டி வந்ததும் எங்காளு மூணு நாள் அங்கயே தங்கி உங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். 'எனக்குச் சொல்ல வேணாம், அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

முதலாளியிடம் அப்படியே சொன்னேன். முகம் தெளிந்தது. உடனே, "பின்ன எதுக்குத்தான் இப்படிப் பண்றான்?" என்றார்.

அதைத்தானே நானும் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆர்டர் நான்காகப் பிரிந்து போயாகிவிட்டது. முதலாளி கையெழுத்துப் போடும்போது நாலு முறை பெருமூச்சு விட்டார்.

செப்டம்பர் 3, புதன்

ஸ்டோரேஜும் பேக்கப்பும் வந்து இறங்கின. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். இரண்டு ஊர், இரண்டு கம்பெனி. ஆசை ஆசையாய்த் திறந்து பார்த்தேன். உள்ளே டிஸ்க்குகள் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாதம் செய்தவை! சட்டை மட்டும்தான் வேறு. நாலு பேரிடம் வாங்கி என்ன பிரயோசனம்?

ஷாஹிதாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எல்லாப் பெட்டிக்காரங்களும் ரெண்டு மூணு இடத்துலதாங்க்கா டிஸ்க் வாங்குவாங்க, நான் மாத்தித் தாரேன்" என்று சமாதானம் செய்தாள். நல்ல பெண்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தபோது சொன்னேன். "கெட்டிக்காரி" என்று தலையில் தட்டினார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவரிடமிருந்து போன். "பொற்கொடி, அந்த ரெண்டு பெட்டியையும் திறந்து டிஸ்க்கப் பாரும்மா. ஒரே கம்பெனியா இருந்துரப் போகுது." பார்த்துவிட்டேன் அண்ணாச்சி என்றேன். "அப்படியா? கெட்டிக்காரி."

கடையில் கூட்டமாக இருந்திருக்கும். மத்தியானம் நான் சொன்னது காதில் சரியாக விழுந்திருக்காது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. படங்கள் புதுப் பெட்டிக்கு நத்தை மாதிரி போகின்றன. மதுரையாளும் வந்திருந்தார், கோயம்புத்தூராளும் வந்திருந்தார்.

"பெட்டியில ஒண்ணுமே இல்லண்ணே. ஸ்விட்சுலதான் எங்கயோ பிரச்சினை" என்றார் மதுரை.

"ஸ்விட்ச் நல்லாத்தானுங்க இருக்குது. பெட்டியைப் பாருங்க" என்றார் கோயம்புத்தூர்.

இரண்டு மணி நேரம் இதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் ஒரே ஆளுன்னு சொன்னேன்" என்று என்னை முறைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுபோய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். வயிறு நிறைந்ததும் கோபம் இறங்கியது. திரும்பி வந்து மூவருமாக உட்கார்ந்து பார்த்ததில், வேகத்தை நீயே முடிவு செய் என்று ஸ்விட்சையும் பெட்டியையும் விட்டிருந்தது தெரிந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இரண்டும் மெதுவாகிவிட்டன. இரண்டிலும் ஒரே வேகத்தைக் கையால் போட்டேன். பாய்ந்தது!

இத்தனை வருடம் எதற்கென்றாலும் "அண்ணாச்சி" என்று போன் எடுத்தவள் நான். இன்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

புது சர்வரில் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அண்ணாச்சியை உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"விரல் வலிக்குது, நீ அடி. உனக்குத் தெரியணும், அக்கவுண்ட்ஸ் மகாராசனுக்குத் தெரியணும், முதலாளிக்குத் தெரியணும். எனக்குத் தெரிய வேணாம்."

"உங்களுக்குத் தெரியாம எப்படி அண்ணாச்சி?"

"மூணு பேருக்குத் தெரிஞ்சா போதும்" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடித்து முடிக்கும்வரை திரும்பவில்லை.

பிறகு பையன் எந்தக் காலேஜில் படிக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். போன வாரமும் சொன்னேன்.

செப்டம்பர் 18, வியாழன்

வாசலில் ராமலட்சுமி மதினி ஸ்கூட்டரில் காத்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி. இப்போதெல்லாம் அவர்தான் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகிறார். உள்ளே வாங்க மதினி, காப்பி குடிக்கலாம் என்றேன். வரவில்லை.

"அண்ணாச்சி வண்டிய என்ன பண்ணினாரு?"

"வித்துட்டோம்மா. அவுகளுக்கு..." என்று தொடங்கி, "ரோடெல்லாம் மோசமா இருக்குல்ல" என்று முடித்தார்.

ரோடு மோசம்தான். ஆனால் அண்ணாச்சி இதைவிட மோசமான ரோட்டில் மழையில் வந்து யுபிஎஸ் மாற்றியவர். கேட்க வேண்டியதை நான் இன்று கேட்கவில்லை. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவளுக்கு இதில் மட்டும் என்ன தயக்கம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, சனி

கடைசிப் படமும் புதுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பேக்கப்பிலும் ஒரு பிரதி ஏறியது. கடைசியாகப் போனது ஒரு பச்சைக் கிளி. அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "எல்லாமா? நல்லாப் பாத்தியா?" என்றார். அழுகிறாரோ என்று தோன்றியது. சளி என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷின் எல்லாம் நின்றதும் அச்சகம் வேறு ஊர் மாதிரி ஆகிவிடுகிறது, பேசினால் எதிரொலிக்கிறது. பொரி, கடலை, வாழைக்கன்று. பழைய சர்வரை நானே அணைத்தேன். புதியவை நான்கும் பக்கத்தில் அணைந்து கிடந்தன, வரிசையாக.

அண்ணாச்சி சந்தனம் குங்குமம் வைத்தார். பழைய சர்வருக்கு வைத்தார், புதிய சர்வருக்கு வைத்தார், மறுபடி வந்து பழைய சர்வருக்கு வைத்தார். "அதுமேல அண்ணாச்சிக்குத் தனிப் பாசம்" என்று யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலாளி மேடை போட்டதுபோல் அறிவித்தார்: "புதுசு எத்தனை வந்தாலும் நாளைக்குப் பழசத்தான் முதல்ல திறக்கணும். தவமணி கையால. அப்புறம் அதுக்கு ஓய்வு குடுத்துருவோம்."

அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன், அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாடி அறையில் முதலாளி, அவர் வீட்டம்மா, மகாராசன், மிஷின்மேன்கள் என்று நிற்க இடமில்லை. தட்டில் வேட்டி துண்டு. நல்ல நேரம் தொடங்கியது. அண்ணாச்சி பழைய சர்வரின் பொத்தானைத் தட்டினார். அது முனகி எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. போன வருடம் மிஷின்மேனோடு அரட்டை அடித்துக்கொண்டே, கீபோர்டைப் பார்க்காமலே அடித்தவர்.

அடித்தார். தவறு என்றது.

"கை தவறிருச்சு" என்றார். மெதுவாக, ஒற்றை விரலால், மறுபடி அடித்தார். தவறு.

மூன்றாவது முறை தவறினால் அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையைக் கீபோர்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். விரல் நடுங்கவில்லை. அது எங்கே போவது என்று தெரியாமல் நின்றது, அவ்வளவுதான். அன்று சொன்ன விரல் வலியெல்லாம் இல்லை. ஒருபோதும் வலி இருந்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

நான் அண்ணாச்சிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டேன். "கீபோர்டு மக்கர் பண்ணுது முதலாளி! நேத்து நான் துடைக்கும்போது தண்ணி உள்ள போயிருச்சு. என் தப்பு. இந்தச் சனியனோட மல்லுக்கட்டி நல்ல நேரத்த விட வேணாம். ஓய்வு குடுக்கப்போறதுதானே? புதுச அண்ணாச்சி கையால திறப்போம்."

"தண்ணிய எதுக்கும்மா ஊத்தின?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் என்னை ஒரு பிடி பிடித்தார். பிடிக்கட்டும்.

அண்ணாச்சியின் கையைப் பிடித்துப் புதிய சர்வரின் பொத்தானில் வைத்தேன். அழுத்தினார். அவர் கடைச் சர்வர் எழுந்தது, கோயம்புத்தூர் ஸ்விட்ச் பச்சையாய்க் கண் சிமிட்டியது, மதுரைப் பெட்டி எழுந்தது, மெட்ராஸ் பெட்டி எழுந்தது. பாஸ்வேர்டை நான் அடித்தேன். கீழே முதல் தாள் ஓடியது, மஞ்சள் பிள்ளையார். எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி வேட்டியைக் கொடுத்து, "புதுசும் உன் கையாலதான் தவமணி" என்றார். அண்ணாச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

படங்கள் பழையதில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஆனால் அழுதது அதற்காக அல்ல.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மதினி அடுக்களையில் வைத்துச் சொன்னார்.

"சித்திரையிலேயே டாக்டர் சொல்லிட்டாரும்மா. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு கம்பெனியாப் போய் ஆர்டர வேற ஆளுகளுக்குப் பிரிச்சுக் குடுக்காக. மில்லு, ஆஸ்பத்திரி, ஸ்கூலு, எல்லாம். 'என்னை மட்டும் நம்பி ஒருத்தரும் நிக்கக் கூடாது லட்சுமி, நான் எப்ப இல்லாமப் போவேன்னு எனக்கே தெரியாது'ன்னாக. உசிரோட இருக்கும்போதே இல்லாமப் போறத எப்படிம்மா சொல்றது? உங்க முதலாளிக்குத் தெரிய வேணாம்னு சத்தியம் வாங்கிருக்காக."

நோய்க்கு டாக்டர் சொன்ன பேரையும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

அக்டோபர் 13, திங்கள்

காலண்டர் வேலை மும்முரம். ஸ்டோரேஜில் ஒரு டிஸ்க் செத்தது. மற்றவை தாங்கிக்கொண்டன, மிஷின் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. முதலாளிக்குச் சொன்னபோது, "அப்ப யாரையும் திட்ட வேண்டியதில்லையா?" என்று ஏமாற்றமாய்க் கேட்டார்.

அக்டோபர் 15, புதன்

காலையில் அண்ணாச்சியிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"பொற்கொடி! வந்துருச்சும்மா! பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன், டக்குன்னு வந்துருச்சு. பழைய சர்வர் பாஸ்வேர்டு. எழுதிக்கோ!"

எழுதிக்கொண்டேன். படியேறி ஓடினேன். மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய சர்வருக்கு மின்சாரம் கொடுத்தேன். சந்தனம் இன்னும் உதிரவில்லை. அவர் சொன்னதை ஒவ்வொரு எழுத்தாய் அடித்தேன்.

தவறு என்றது. மூன்றாவது முறையல்லவா, பூட்டிக்கொண்டது.

அவர் இன்னும் போனில்தான் இருந்தார். "என்னம்மா ஆச்சு?"

"திறந்துருச்சு அண்ணாச்சி."

"பாத்தியா! எனக்குத் தெரியும்லா!" மதினியைக் கூப்பிட்டு, "லட்சுமி, திறந்துருச்சாம்!" என்று கத்துவது கேட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பையன் வந்துவிட்டான். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது அண்ணாச்சி கூப்பிட்டார். வேட்டி நன்றாக இருக்கிறதாம், முதலாளியிடம் சொல்லச் சொன்னார். பையன் எந்தக் காலேஜ் என்றார். சொன்னேன்.

பிறகு, "அந்தப் பழைய சர்வர் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துருச்சு, எழுதிக்கோ" என்றார். இது வேறொன்று. அடுப்படியில் நின்றபடியே எழுதிக்கொண்டேன். அதற்கும் திறந்துவிட்டது என்று சொன்னேன்.